கிரிப்டோஸ்போரிடியம்: கண்டறிதலின் வரலாறு

கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியை எலியின் இரைப்பையில் கண்டு 1907இல் விவரித்தவர் அமெரிக்க ஆய்வாளர் எர்னஸ்ட் டைசர். மனிதருக்கும் அது தொற்றும் என்பது 1976இல்தான் பதிவானது. அப்போது குடல் திசுவை எடுத்துப் பார்த்தே நோயை உறுதிசெய்தனர்.

1981இல், காசநோய்க் கிருமிக்கான சீல்-நீல்சன் சாயமுறை சற்று மாற்றப்பட்டு மலப் பரிசோதனைக்கு வந்தது. 4 முதல் 6 மைக்ரான் அளவுள்ள செந்நிற உருண்டைகளாக ஒட்டுண்ணி தெரிந்தது. 1982இல் அமெரிக்காவில் எய்ட்ஸ் நோயாளிகள் 21 பேரிடம் இத்தொற்று பதிவானது. கடும் வயிற்றுப்போக்குக்கு இதையும் தேடும் வழக்கம் பரவியது.

இதேபோல் குடலைத் தாக்கும், இன்னும் சிறிய மைக்ரோஸ்போரிடியா என்ற நுண்ணுயிரிகளைக் கண்டறிய 1992இல் மாற்றியமைத்த டிரைக்ரோம் சாயம் வந்தது. பின்னர் பி.சி.ஆர். சோதனையும் சேர்ந்தது. ஆயினும் செலவு குறைந்த சாயமுறை இந்திய ஆய்வகங்களில் இன்றும் வழக்கில் உள்ளது.