மணிமேடையும் இரு நீசர்களும்

காலனியம் என்ற சொல் நம் விமர்சனத்தில் மிக மலிவாகப் புழங்குகிறது. கவிதையில் பிடிக்காத படிமம் ஒன்று தென்பட்டால் அது காலனிய மனத்தின் எச்சம். நாவலில் பாதிரியார் நல்லவராக வந்துவிட்டால் அதுவும் எச்சம். இந்தச் சொல்லை நாகர்கோவில் தெருவில் கொண்டுபோய் நிறுத்தினால் என்ன ஆகும் என்று எனக்குச் சந்தேகம் உண்டு. சென்னையிலும் புதுச்சேரியிலும் பிரபலமாகியிருக்கும் மரபுநடை போல இங்கும் ஒன்று நடந்தது; ஒரு ஞாயிறு காலை நானும் போனேன். வழிகாட்டிய இளைஞர் விஷயம் தெரிந்தவர், ஆண்டுகளைப் பிழையில்லாமல் சொன்னார். ஆனால் அவர் சொன்ன கதை சென்னை அளவுக்குத் தைத்த சட்டை. வெள்ளைக்காரன் கோட்டைக்கு உள்ளே, நாம் வெளியே. நாஞ்சில் நாட்டு உடம்புக்கு அது சேரவில்லை.

மணிமேடையில் தொடங்கினோம். 1893இல் ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜா திறந்துவைத்தது. கடிகாரம் லண்டன் மிஷன் பாதிரியார் டதி கொடுத்தது. மேடையைத் திறந்தது ஒருவர், அதில் நேரத்தை வைத்தது இன்னொருவர். வெள்ளைக்காரக் கலெக்டர் உட்கார்ந்து ஆண்ட ஊர் அல்ல இது. 1956 நவம்பர் 1இல் சென்னை மாநிலத்தோடு சேரும்வரை நமக்குத் தலைநகர் திருவனந்தபுரம்தான். ஆனால் 1805 உடன்படிக்கைப்படி அந்தத் திருவனந்தபுரம் கம்பெனிக்கு ஆண்டுதோறும் எட்டு லட்சம் ரூபாய் கட்டியாக வேண்டியிருந்தது. 1809இல் வேலுத்தம்பி தளவாய் எதிர்த்தெழுந்தபோது கம்பெனிப் படை ஆரல்வாய்மொழி அரணை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது. அடுத்து ரெசிடெண்டாக வந்த கர்னல் மன்றோ 1811 முதல் 1814 வரை திவான் வேலையையும் தானே பார்த்தார். கிரீடம் ஒரு தலையில், பேரேடு வேறு கையில். கடன் பத்திரங்களுக்கு நடுவில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிற எனக்கு இந்த ஏற்பாடு புரிவதில் சிரமம் இல்லை.

அங்கிருந்து ஹோம் சர்ச். 1819இல் அஸ்திவாரம் போட்ட கல் கட்டிடம். இதைக் காலனியக் கட்டிடக்கலை என்று நண்பர்கள் படம் பிடித்துக்கொண்டார்கள். 1818இல் இங்கு வந்த மீட் பாதிரியாருக்கு ஆதரவு தந்தவர்களில் மன்றோ மட்டுமல்ல, ராணி கௌரி பார்வதி பாயும் உண்டு. மீட் சிறிது காலம் அரசின் நீதிபதியாகக்கூட இருந்தார். இந்த வளாகத்துப் பெண்கள் பள்ளியில் 1820களில் மால்ட் பாதிரியாரின் மனைவி மார்த்தா ரேந்தைப் பின்னல் கற்றுக்கொடுத்தார். படித்த சிறுமிகளில் அடிமைக் குடும்பத்துப் பிள்ளைகள் இருந்தார்கள். பின்னிச் சம்பாதித்த காசில் தங்கள் விடுதலையை விலைகொடுத்து வாங்கினார்கள். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855இல்தான். சீமைச் சீமாட்டிகளின் கழுத்துப்பட்டிக்கு ஆன ரேந்தை, இங்கே ஒருத்திக்கு விடுதலைச் சீட்டு. இதை எந்தப் பக்கக் கணக்கில் எழுதுவது?

ஆனால் மிஷனும் கம்பெனியும் விமோசனம் தந்தன என்று எழுதிவிடுவதும் சோம்பேறித்தனம். தோள்சீலை விவகாரத்தைப் பாருங்கள். மன்றோ காலத்து ஆணை கிறிஸ்தவ நாடார் பெண்கள் குப்பாயம் போடலாம் என்றது. மேல்சாதிப் பெண்கள் அணியும் தோள்சீலை கூடாது என்றும் சொன்னது. கலகங்கள், தீவைப்புகள் எல்லாம் கடந்து, சென்னை கவர்னர் ட்ரெவெலியன் நெருக்க, 1859 ஜூலையில் மகாராஜா பிரகடனம் வெளியிட்டார். அதிலும் மார்பை மறைக்கலாம், ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல மறைக்கக்கூடாது என்றுதான் இருந்தது. கோடு எங்கே போடுவது என்பதில்தான் அரண்மனைக்கும் ரெசிடென்சிக்கும் தகராறு. கோடு வேண்டும் என்பதில் இரண்டும் ஒன்று.

பிறகு வேனில் புலியூர்க்குறிச்சி, உதயகிரிக் கோட்டை. 1741இல் குளச்சலில் டச்சுக்காரர்களை மார்த்தாண்டவர்மா தோற்கடித்ததைச் சொல்லும்போது வழிகாட்டியின் குரல் உயர்ந்தது. உயரட்டும், பெரிய வெற்றிதான். ஆனால் அந்த வெற்றிக்குப் பின் இந்தக் கோட்டையைக் கல்லில் எடுத்துக் கட்டி, துருப்புகளை ஐரோப்பிய முறையில் பழக்கியது அங்கே பிடிபட்ட டிலனாய். ஊர் அவரை வலிய கப்பித்தான் என்றது. அவர் பழக்கிய படை அடுத்துப் போனது டச்சுக்காரர்கள்மேல் மட்டுமல்ல, காயங்குளம், அம்பலப்புழை என்று வடக்கேயிருந்த சின்ன அரசுகள்மேலும்தான். அவரால் 1745இல் கிறிஸ்தவரான நீலகண்ட பிள்ளையை, தேவசகாயத்தை, அதே அரசு 1752இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றது. 2022இல் ரோம் அவரைப் புனிதராக்கியது. 1777இல் இறந்த டிலனாயின் கல்லறை கூரையில்லாத தேவாலயத்துக்குள் இருக்கிறது. கல்லில் லத்தீனும் தமிழும்.

இந்தச் சிக்கலை முதலில் தெளிவாகப் பார்த்தவர் மிஷனரியும் அல்ல, சரித்திரப் பேராசிரியரும் அல்ல. 1809இல், ஆரல்வாய்மொழி உடைந்த அதே ஆண்டில், சாமித்தோப்பில் பிறந்த வைகுண்டர். அகிலத்திரட்டில் வெள்ளையன் வெண்நீசன், திருவிதாங்கூர் மன்னன் கலிநீசன். இரண்டு பேரையும் ஒரே சொல்லால் அழைத்து, முன்னொட்டால் மட்டும் பிரித்துக் காட்டியிருக்கிறது அந்தப் பிரதி. சுவாதித் திருநாளின் அரசு அவரைத் திருவனந்தபுரத்தில் சிறைவைத்தது. மிஷனரிகள் அவருடைய வழியைத் தங்கள் வேலைக்கு இடைஞ்சலாகக் கண்டார்கள். இரண்டு தரப்புக்கும் அவர் சொன்னது உறைத்திருக்கிறது. பாரிஸிலிருந்தும் கொலம்பியா சர்வகலாசாலையிலிருந்தும் காலனியக் கோட்பாட்டை வரவழைத்து வாசிக்கும் நம் வட்டத்தில், அகிலத்திரட்டை அரசியல் சிந்தனையாக வாசித்தவர்கள் எத்தனை பேர்? அதை பக்தி இலக்கிய அலமாரியில் வைத்துவிட்டோம். தலைப்பாகை கட்ட உரிமையில்லாதவர்களைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு வழிபடச் சொன்னவர் அவர். இன்றும் அங்கே ஆண்கள் அப்படித்தான் உள்ளே போகிறார்கள், எதிரே கண்ணாடி.

திரும்பும் வழியில் நடைத்திட்டத்தில் சாமித்தோப்பு ஏன் இல்லை என்று இளைஞரிடம் கேட்டேன். ‘அது கோயில்லா சார்? காலனியல் பில்டிங் ஒண்ணும் அங்க கிடையாதே’ என்றார்.