மாட்டுக்கு ஐந்து ரூபாய்



குன்னூர் பக்கம் நான் வேலை பார்த்த காலத்தில், எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் அடிக்கடி இரண்டாவது பீரியடுக்குத்தான் வருவான். கேட்டால், "மாடு தண்டவாளத்துக்குப் போயிருச்சு சார்" என்பான். எஸ்டேட் லைன் வீட்டுப் பிள்ளை. சாக்குச் சொல்கிறான் என்று பலமுறை வெளியே நிற்க வைத்திருக்கிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு, மலை ரயிலைப் பற்றிப் படிக்கும்போது 1890-ஆம் ஆண்டின் இந்திய ரயில்வே சட்டம் கண்ணில் பட்டது. அதன் 125-ஆவது பிரிவு மாடுகளுக்காகவே எழுதப்பட்டது. ரயில் பாதையில் மாடு திரிந்தால், உரிமையாளருக்கு ஒரு மாட்டுக்கு ஐந்து ரூபாய் வரை அபராதம். 1871-ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டப்படி பட்டியில் கட்ட வேண்டியது தனி. தெரிந்தே பாதையில் விட்டாலோ, ஓட்டிவிட்டாலோ அபராதம் இன்னும் அதிகம்.

ஆனால் அந்த ஐந்து ரூபாய்க்கு ஒரு நிபந்தனை இருந்தது. மாடு நுழையாதபடி வேலி போட்ட பாதையாக இருக்க வேண்டும். அதாவது, முதலில் ரயில்வே தன் கடமையைச் செய்ய வேண்டும். பிறகுதான் மாட்டுக்காரரைக் கேட்கலாம். முறைப்படி பாதையைக் கடக்க மாட்டை ஓட்டிச் செல்வதும் குற்றமில்லை. நியாயமான சட்டம்தான்.

சரி, கடக்க வழி யார் தருவது? அதே சட்டத்தின் 11-ஆவது பிரிவு, பாதை போட்டதால் போக்குவரத்து அறுபட்ட பக்கத்து நிலக்காரர்களுக்குக் கடவையும் பாலமும் ரயில்வே கட்டித்தர வேண்டும் என்றது. நிலத்தின் உரிமையாளரோ அதை அனுபவிப்பவரோ கேட்கலாம். அதற்கும் ஒரு கெடு: பாதை திறந்து பத்து ஆண்டுகள் ஆகிவிட்டால் கூடுதலாக எதுவும் செய்ய ரயில்வே கடமைப்பட்டதல்ல. 1989-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இந்தக் கெடு தொடர்கிறது.

நம் மலைக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரயில் வந்தது 1899-இல். ஊட்டியைத் தொட்டது 1908-இல். ஆக, கீழ்ப்பாதைக்கு 1909-லும் மேல்பாதைக்கு 1918-லும் கெடு முடிந்துவிட்டது. பிறகு வந்தவர்களுக்கு அந்த உரிமை இல்லை. லைன் வீட்டில் குடியிருப்பவருக்கோ வீடும் எஸ்டேட்டுடையது, நிலமும் எஸ்டேட்டுடையது. அவருடையது மாடு மட்டுமே. சட்டத்தின் முன் அவர் அபராதம் கட்டும் உரிமையாளர். வழி கேட்கும் உரிமையாளர் அல்லர்.

யாருடையதும் அல்லாத விலங்கு என்றால்? கல்லாறிலிருந்து குன்னூர் வரை பல்சக்கரப் பாதை. ஏறும்போது எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும். அதனால் முன்பெட்டியின் மேடையில் நிற்கும் பிரேக்ஸ்மேன்தான் பாதையைப் பார்த்துக் கொடி காட்டுவார். எதிரே யானை நின்றால் முதலில் பார்ப்பவர் அவர்தான். யானை கடந்து போகும்வரை ரயில் காத்திருக்கும். எழுதாத சட்டம் அது.

அந்தப் பாதையில் ஹில்குரோவ் பக்கம் தண்டவாளத்தை ஒட்டிச் சுவர் எழுப்பினார்கள். கடக்க முடியாமல் யானைக் கூட்டம் தத்தளித்த காணொளி 2022-இல் பரவியது. உங்களில் பலரும் பார்த்திருப்பீர்கள். எதிர்ப்பு கிளம்பியதும் சுவரை இடித்தார்கள். யானை மனுப் போடவில்லை. அதற்குப் பட்டாவும் இல்லை. பார்த்தவர்கள் பேசினார்கள், வழி கிடைத்தது.

அந்தப் பையனுக்காகப் பேசியிருக்க வேண்டியவன் நான். வேலி எங்கே உடைந்திருக்கிறது என்று ஒருநாள் அவனோடு நடந்து போய்ப் பார்த்திருக்கலாம். ஸ்டேஷனுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருக்கலாம். செய்யவில்லை. வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தேன்.

இதைப் படித்தால், தம்பி, மன்னித்துவிடு. நீ சொன்னது சாக்கு இல்லை.