விலக்கி வைத்த ஏடுகள்

உஸ்மானியத் துருக்கியின் எழுத்தணிக் கலைஞரிடையே ‘முஹ்ரஜ்’ என்றொரு சொல் வழங்கி வந்தது. ‘வெளியே எடுக்கப்பட்டது’ என்பது அதன் பொருள். திருக்குர்ஆனின் முழுப் பிரதி ஒன்றை மாதக் கணக்கில் எழுதிக்கொண்டிருக்கும் கலைஞர் ஒருவர், ஓரிடத்தில் ஒரு சொல்லை விட்டுவிடுகிறார். அல்லது ஒரு வரியை இருமுறை எழுதிவிடுகிறார். சில வேளைகளில் பிழை எதுவுமே இராது. எழுதிய பக்கம் அவர் கண்ணுக்கு நிறைவளிக்காது, அவ்வளவே. அப்போது அந்த ஏட்டைப் பிரதியிலிருந்து நீக்கிவிட்டு, அதே பகுதியை வேறொரு தாளில் மீண்டும் எழுதிச் சேர்ப்பார். இவ்வாறு நீங்கிய ஏட்டுக்கே ‘முஹ்ரஜ்’ என்று பெயர்.

நீங்கிய ஏட்டை என்ன செய்வது என்ற வினா இங்கே எழுகிறது. மற்றக் கலைகளில் இவ்வினாவுக்கு விடை எளிது. இத்தாலியச் சிற்பி மைக்கலாஞ்சலோ, 1564இல் தாம் இறப்பதற்கு முன்பு, தம்முடைய கோட்டோவியங்கள் பலவற்றை எரித்துவிட்டதாக அவர் வரலாற்றை எழுதிய வசாரி கூறுகிறார். தம் உழைப்பின் தடங்களைப் பிறர் காண்பதை அவர் விரும்பவில்லையாம். படைப்பு அவருடையது, எரிக்கும் உரிமையும் அவருடையதே. முஸ்ஹப் எழுதுபவருக்கு அந்த உரிமை இல்லை. வளைவும் நீட்சியும் அவர் கையின் ஆக்கம், சொல் அவருடையதன்று. தம் கையின் மீது கொண்ட அதிருப்தியைச் சொல்லின் மீது காட்ட அவரால் இயலாது. எழுத்தணிக்கலையின் வரலாற்றில் இந்த நெருக்கடி எத்துணை விளைவுகளை உண்டாக்கியது என்பதை நாம் போதிய அளவு எண்ணிப் பார்த்ததில்லை.

சட்ட அறிஞர்கள் இதனை முதலில் பழுதுற்ற முஸ்ஹப்களைப் பற்றிய வினாவாகவே அணுகினர். இமாம் ஸுயூத்தி (இறப்பு ஹி. 911 / கி.பி. 1505) தம் ‘அல்-இத்கான்’ நூலில், முன்னோரான ஹலீமியின் கருத்தை எடுத்துரைக்கிறார். அத்தகைய ஏடுகளைச் சுவரின் பிளவில் செருகிவைத்தல் ஆகாது, விழுந்து மிதிபடக்கூடும். கிழித்தலும் ஆகாது, எழுத்துகள் துண்டாகிச் சொல் சிதையும். நீரால் கழுவிவிடலாம். எரிப்பினும் குற்றமில்லை, முஸ்ஹப்பை ஒருமுகப்படுத்தியபோது உஸ்மான் (ரலி) அவர்கள் ஏனைய பிரதிகளை எரிக்கச் செய்தது அதற்குச் சான்று. ஹனஃபி அறிஞர் பலர், தூய துணியில் சுற்றி, கால்படாத இடத்தில் அடக்கம் செய்வதை மேலாகக் கருதினர். எங்கும் வைத்துப் பாதுகாப்பதும் வழக்கமாயிற்று. 1972இல் ஸன்ஆப் பெரிய பள்ளிவாசலைப் பழுதுபார்த்தபோது, கூரைக்கும் உள்விதானத்துக்கும் இடையில் ஆயிரக்கணக்கான பழைய ஏட்டுத் துண்டுகள் கிடைத்ததை அறிவோம். நம் ஊர்ப் பள்ளிவாசல்களில் கிழிந்த ஏடுகளுக்கென்று ஒரு பெட்டி இருப்பதும் இந்த மரபின் தொடர்ச்சியே.

இந்த மரியாதை எழுதப்பட்ட தாளோடு நிற்கவில்லை. பக்தாதின் பேரறிஞர் இப்னுல் ஜவ்ஸி (இறப்பு ஹி. 597 / கி.பி. 1201), தாம் ஹதீஸ்களை எழுதிய எழுதுகோல்களின் சீவல்களைச் சேர்த்துவைத்து, தம் ஜனாஸாவைக் குளிப்பாட்டும் நீரை அவற்றைக் கொண்டே சூடாக்குமாறு வஸிய்யத் செய்தார். அவ்வாறே செய்யப்பட்டது என்றும், அதன் பின்னரும் சீவல்கள் மிஞ்சின என்றும் இப்னு கல்லிகான் குறித்துள்ளார். சீவலையே எறியாதவர்கள் எழுதிய ஏட்டை எங்ஙனம் எறிவர்?

‘கழுவிவிடலாம்’ என்ற விடையைச் சற்று நின்று நோக்க வேண்டும். அது வெறும் சட்ட விடையன்று; மையின் தன்மையோடு பிணைந்த விடை. ஐரோப்பியத் துறவியர் பெரிதும் பயன்படுத்திய இரும்புச் சத்துள்ள மை தாளை அரித்து உள்ளே இறங்கும். எழுத்தணிக் கலைஞரின் மையோ விளக்குக் கரியை அரபுக் கோந்தோடு சேர்த்து நெடுநாள் அரைத்துக் குழைத்தது. 1557இல் கட்டி முடிக்கப்பட்ட இஸ்தான்பூல் ஸுலைமானிய்யா பள்ளியில், எண்ணற்ற விளக்குகளின் புகை வாயிலுக்கு மேலுள்ள ஓர் அறையில் சென்று படியுமாறு சிற்பி ஸினான் காற்றோட்டத்தை அமைத்தார். அங்கே திரண்ட கரி மைக்குப் பயன்பட்டது. தாளும் வெறும் தாளன்று. மாப்பசையோ, படிகாரம் கலந்த முட்டை வெண்கருவோ பூசி, உலர்த்தி, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவர். ‘ஆஹார்’ எனப்படும் இந்தப் பூச்சுக்குப் பின் தாளை ஓராண்டேனும் ஆறவைத்த பிறகே எழுதத் தொடங்குவர்.

இதன் பயன், மை தாளுக்குள் இறங்காது பூச்சின் மீதே தங்கும் என்பதுதான். ஈரப் பஞ்சால் துடைத்தால் எழுத்து போய்விடும். தாள் மீண்டும் வெண்மையாகும். பஞ்சு கைக்கெட்டாவிட்டால் நாவால் நக்கி அழிப்பதும் உண்டு. கற்றவர் ஒருவரைத் துருக்கியர் இன்றும் ‘மையை நக்கியவர்’ என்பர். படித்தவன் என்பதற்கு எத்தனையோ மொழிகளில் எத்தனையோ பெயர்கள் உண்டு. தன் பிழையை நாவால் அழித்தவன் என்ற பொருள்படும் பெயர் வேறெங்கும் உண்டோ என நமக்குத் தெரியவில்லை. பீங்கானில் குங்குமப்பூ மையால் எழுதிக் கரைத்து அருந்தும் பழக்கத்தை நம் பாட்டிமார் காலத்தில் கண்டவர்களுக்கு, கரையும் மை என்பது விளங்காத செய்தியன்று. அப்பழக்கத்தின் சரி, தவறு பற்றிய விவாதம் இவ்விடத்துக்கு உரியதன்று.

சிறு பிழைகளுக்குத் துடைப்பதும் வேண்டியதில்லை. கூர்மையான சிறு கத்தியால் பூச்சின் மேற்பரப்பை மெல்லச் சுரண்டி, எழுத்தின் விளிம்பைச் சீராக்குவர். இதற்கு ‘தஸ்ஹீஹ்’ என்று பெயர். இதற்கெனவே தனிக் கத்தி செய்தனர். சிற்றெழுத்தில் இதற்கு இடம் குறைவு. பள்ளிவாசல் வாயில்களிலும் நீர்ச்சாலைகளிலும் கல்லில் பொறிக்கப்படும் ‘ஜலீ’ என்னும் பேரெழுத்திலோ தஸ்ஹீஹ் இன்றி ஒன்றுமே நடவாது. அங்கே மயிரிழை அளவு கோணலும் தொலைவிலிருந்து தெரியும். ஆயா ஸோஃபியாவில் 1847–49 பழுதுபார்ப்பின்போது தொங்கவிடப்பட்ட எட்டு வட்டப் பலகைகள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஏழரை மீட்டர் குறுக்களவு கொண்டவை. அவற்றை எழுதிய காழி அஸ்கர் முஸ்தஃபா இஸ்ஸத் எஃபெந்தியின் (1801–1876) எழுதுகோல் எங்கேனும் நடுங்கியிருந்தால், அந்த நடுக்கமும் ஏழரை மீட்டராக விரிந்திருக்கும்.

ஆகவே பேரெழுத்தைக் கலைஞர்கள் தலைகீழ் முறையில் எழுதினர். தாள் கறுப்பு, மை மஞ்சள். நம் நாட்டு வைத்தியர்கள் அறிந்த அரிதாரத்தை அரைத்துச் செய்த மை அது. எழுதியது நிறைவளிக்கவில்லையெனில், மஞ்சள் எழுத்தின் விளிம்பைக் கறுப்பு மையால் மூடி மெலிதாக்கலாம். போதாத இடத்தில் மீண்டும் மஞ்சளைச் சேர்க்கலாம். எத்தனை முறை திருத்தினாலும் தாள் பொறுக்கும். மனம் நிறைந்த பின், அடியில் வேறு தாள்களை வைத்து, எழுத்தின் விளிம்பு நெடுகிலும் ஊசியால் நெருக்கமாகத் துளையிடுவர். துளையிட்ட தாளைக் கல்லின் மீதோ பலகையின் மீதோ விரித்துக் கரித்தூளைத் தட்டினால், நம் வீட்டு வாசலில் கோலத் தட்டு செய்வதுபோல், புள்ளிகளாக எழுத்தின் உருவம் இறங்கும். எஞ்சிய வேலை கல்தச்சருக்கும் பொன்பூசுபவருக்கும் உரியது. ஸாமி எஃபெந்தி (1838–1912) இம்முறையில் தமக்கு நிறைவு வரும்வரை திருத்திக்கொண்டே இருப்பதில் பெயர்பெற்றவர். அவர் எழுத்தில் குறை காண்பது அரிது என்பர் அத்துறையினர். குறை கண்டவர் அவர் ஒருவரே என்று நாம் சேர்த்துக்கொள்ளலாம்.

இனிப் பயிற்சித் தாள்கள். இக்கலையில் மாணவர் பெறும் முதற்பாடம், தொடங்கிய செயலை எளிதாக்கி நன்மையாக முடித்துத் தருமாறு வேண்டும் ஒரு சிறு துஆ. அந்த ஒரு வரியிலேயே மாதங்கள் கழிவதுண்டு. மாணவர் எழுதிக் கொணர்ந்ததன் கீழே, பிழைபட்ட எழுத்தை மட்டும் ஆசிரியர் தம் கையால் எழுதிக் காட்டுவார். இத்தனை புள்ளி உயரம், இத்தனை புள்ளி அகலம் என்று அளவுப் புள்ளிகளும் இடுவார். ஆசிரியரின் இஜாஸா கிடைக்கும்வரை தம் எழுத்தில் பெயரிடும் உரிமை மாணவருக்கு இல்லை. ஈரானிய ஆசான் ஸுல்தான் அலீ மஷ்ஹதி (இறப்பு 1520) தம் செய்யுள் நூலில் கண்ணால் செய்யும் பயிற்சியையும் எழுதுகோலால் செய்யும் பயிற்சியையும் வேறுபடுத்திப் பேசுகிறார். எழுதுமுன் நெடுநேரம் பார்க்க வேண்டும் என்பது அவர் கருத்து.

நல்ல தாள் விலையுயர்ந்தது. எனவே ஒரே தாளில் நேராகவும், பின்பு திருப்பித் தலைகீழாகவும், குறுக்காகவும், முன்பு எழுதியவற்றின் மீதே மேலும் மேலும் எழுதிப் பழகினர். வெண்மை தெரியாத அளவுக்கு நிரம்பிய அத்தாளைத் துருக்கியர் ‘கராலமா’ என்றும், ஈரானியர் ‘சியாஹ் மஷ்க்’ என்றும் அழைத்தனர். முன்னதற்குக் கறுப்பாக்குதல் என்றும் பின்னதற்குக் கறுப்புப் பயிற்சி என்றும் பொருள் கொள்ளலாம். ஒரே எழுத்து இருபது, முப்பது முறை வரும். பத்தொன்பதாவது ஏன் பிடிக்கவில்லை, இருபதாவது ஏன் பிடித்தது என்பதை நாம் ஊகிக்க மட்டுமே முடியும். பொருள் தொடராது, ஒரு வரி பாதியில் அறும், வேறொன்று தொடங்கும்.

இவை எறியப்படாததற்கு மரியாதை ஒரு காரணம். இரசனை மற்றொரு காரணம். 1615இல் இஸ்ஃபஹானில் கொலையுண்ட மீர் இமாத் ஹஸனியின் சிறு எழுத்துத் துண்டையும் பேரரசர்கள் தேடிப் பெற்றனர். அவருடைய மருமகன் அப்துர் ரஷீத் தைலமி இந்தியா வந்து, ஷாஜஹானின் அரசவையில் சேர்ந்து, இளவரசர் தாரா ஷிகோவுக்கு எழுத்தணி கற்பித்தார். தாள்களைச் சுற்றிலும் பூவேலை செய்து, பொன்னிட்டு, ‘முரக்கஅ’ எனப்படும் தொகுப்பேடுகளில் ஒட்டிவைத்தனர். அச்சொல்லின் மூலப் பொருள் ஒட்டுப்போட்டது என்பதே. ஸூஃபிகளின் ஒட்டுப்போட்ட அங்கிக்கும் இப்பெயர் உண்டு. திருக்குர்ஆன் பிரதிகளிலிருந்து நீங்கிய முஹ்ரஜ் ஏடுகளும் இவ்வாறே அணிசெய்யப்பட்டுத் தொகுப்பேடுகளில் இடம்பெற்றன. எழுதியவர் ஒதுக்கியதைப் பிறர் பொன்னிட்டு வைத்தனர்.

இதில் நமக்கு ஒரு குறை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஈரானில், கஜார் மன்னர் காலத்தில், சியாஹ் மஷ்க் ஒரு தனிக் கலைவடிவமாயிற்று. மீர்ஸா குலாம் ரிஸா இஸ்ஃபஹானி போன்ற ஆசான்கள் காட்சிக்கென்றே அத்தகைய தாள்களை எழுதிக் கையொப்பமிட்டனர். அவற்றின் அழகை மறுப்பதற்கில்லை. இன்றைய ஓவியர் பலர் அவற்றிலிருந்தே கற்றனர். ஆயினும் அதிருப்தியின் தடமாக இருந்த ஒன்று, அதிருப்தியின் தோற்றமாக மாறிவிட்டது என்று நமக்குத் தோன்றுகிறது. பழைய பயிற்சித் தாளில் கை தேடுவது தெரியும். புதியதில் கை ஏற்கெனவே கண்டடைந்துவிட்டது.

கையொப்பங்களைப் பற்றி ஒரு சொல். ‘இதனை எழுதினார்’ என்னும் பொருள்படும் ‘கதபஹு’ என்பதே பெருவழக்கு. ஆனால் ஆசான்கள் சிலர் முடிவுற்ற, குறையற்ற படைப்பின் அடியிலும் ‘மஷகஹு’, அதாவது ‘இதனைப் பயின்றார்’ என்றும், ‘ஸவ்வதஹு’, அதாவது ‘இதனைக் கறுப்பாக்கினார்’ என்றும் எழுதியுள்ளனர். பணிவுக்காக எழுதிய மரபுத் தொடர் என்று கூறிக் கடந்துவிடலாம். இஜாஸா பெறுமுன் பெயரிட உரிமையற்றிருந்த ஒருவர், பெற்ற பின்னும் தம் படைப்பைப் பயிற்சி என்றே குறிப்பது நம்மைச் சற்று நிறுத்தத்தான் செய்கிறது.

1928 நவம்பரில் துருக்கி அரபு எழுத்தைக் கைவிட்டு இலத்தீன் எழுத்தைச் சட்டமாக்கியது. எழுத்தையே தொழிலாகக் கொண்டிருந்தோர் திடீரெனத் தொழிலற்றவராயினர். பழைய தாள்களுக்கு மதிப்புக் குன்றிய அக்காலத்தில் அவற்றைச் சேர்த்துக் காத்தவர்களுள் ஒருவர் நஜ்முத்தீன் ஒக்யாய் (1883–1976). எழுத்தணி, மை தயாரித்தல், நூற்கட்டு, நீரில் வண்ணம் மிதக்கவிட்டுத் தாளில் பதிக்கும் ‘எப்ரு’, வில்வித்தை, ரோஜா வளர்ப்பு ஆகிய அனைத்தையும் அறிந்திருந்த அவர், தம் ஆசான்களைப் பற்றிய வாய்வழிச் செய்திகளைத் தம் மாணவர் உகூர் தெர்மானுக்கு உரைத்தார். அவர் அவற்றை நூல்களாக்கினார். முஹ்ரஜ் என்ற சொல்லும், நாவால் அழித்த செய்தியும், ஸாமி எஃபெந்தியின் பொறுமையும் நமக்கு எட்டியது அவ்வகையாலேயே.

அத்தகையோர் காத்த தாள்களுள் துளையிட்ட கறுப்புத் தாள்களும் உண்டு. அவற்றிலிருந்து பொறித்த கல்வெட்டுகளை இஸ்தான்பூலின் தெருக்களில் இன்றும் எவரும் நின்று பார்க்கலாம். அவற்றில் கோணல் ஏதும் தென்படாது. தாளில் மட்டும், மஞ்சள் எழுத்தின் விளிம்பை ஒட்டி, பின்னர் பூசிய கறுப்பு அடிக்கறுப்பினின்று சற்று வேறுபட்டுத் தெரிகிறது. ஓர் அலிஃபின் தலை முதலில் எவ்வளவு பருத்திருந்தது, ஒரு வாவின் வால் எங்கே அளவு மீறியிருந்தது என்பதெல்லாம் அந்த வேறுபாட்டில் உள்ளன.