இரண்டாவது பேட்டரி பிறந்த கதை

வேலூரிலிருந்து சித்தூர், காணிப்பாக்கம் வழியாகத் திருப்பதி போகும் சுற்றுலா வேன்களில் பாட்டுக்குக் குறைவில்லை. டிவி, ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர், வண்ண விளக்கு, ஆளுக்கொரு செல்போன் சார்ஜர் என எல்லாம் உண்டு. வண்டி ஓடும்வரை தொல்லையில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு இரண்டு படம் பார்த்தால், திரும்பச் சாவியைத் திருப்பும்போது செல்ஃப் எடுக்காது. எல்லோரும் இறங்கித் தள்ளுவார்கள். பேட்டரிக்குத் திட்டு விழும். ஆனால் பேட்டரி மேல் குற்றமில்லை. மணிக்கணக்கில் படம் காட்டுவதற்காகச் செய்யப்பட்டதல்ல அது. அந்த வேலைக்குரிய பேட்டரி வேறு. அதற்கென்று தனி வரலாறே இருக்கிறது.

1859-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் காஸ்டன் பிளாண்டே இரண்டு ஈயத் தகடுகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் சுருட்டிக் கந்தக அமிலத்தில் வைத்தார். திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்றக்கூடிய முதல் பேட்டரி அதுதான். ரயில் நிலையத்தில் நிற்கும்போது பெட்டிகளுக்குள் விளக்கெரிப்பது, அதற்குத் தொடக்கத்தில் கிடைத்த வேலைகளில் ஒன்று. நிற்கும் வண்டிக்குள் இருப்பவர்களுக்கு மின்சாரம் கொடுப்பதைத்தான் இன்று வேனின் இரண்டாவது பேட்டரி செய்கிறது. பெயரளவில் இரண்டாவது என்றாலும், வேலையால் அதுவே மூத்தது.

வண்டியைக் கிளப்பும் வேலை பேட்டரிக்கு அரை நூற்றாண்டு கழித்தே வந்தது. அதுவரை காரின் முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்ற வேண்டும். அது எதிர்த்து உதைத்துக் கை முறிந்தவர்கள் உண்டு. சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த மின்சார ஸ்டார்ட்டர் 1912-ஆம் ஆண்டின் கேடிலாக் காரில் வந்தபின் அந்தக் கைப்பிடி மெல்ல மறைந்தது. அதோடு பேட்டரியின் உடலமைப்பும் மாறியது. சில நொடிகளுக்கு நூற்றுக்கணக்கான ஆம்ப் கொடுக்க வேண்டுமானால் அமிலம் படும் பரப்பு அதிகம் வேண்டும். அதற்காகத் தகடுகளை மெல்லியதாக்கி, எண்ணிக்கையைக் கூட்டினார்கள். செல்ஃப் அடிப்பதில் மிகச் சிறு பங்கு சார்ஜே செலவாகும். ஓடத் தொடங்கியதும் ஆல்டர்னேட்டர் அதை நிரப்பிவிடும்.

1930-இல் பால் கால்வின் ‘மோட்டரோலா’ என்ற பெயரில் கார் ரேடியோவை விற்கத் தொடங்கினார். வண்டியைக் கிளப்புவதும் பாட்டுப் பாடுவதும் ஒரே பேட்டரியின் தலையில் விழுந்தன. ரேடியோ மட்டும் இருந்தவரை சமாளித்தது. டிவியும் பெரிய ஆம்ப்ளிஃபயரும் ஏறிய பிறகு முடியவில்லை. மெல்லிய தகடுகள் கொண்ட பேட்டரியை அடிக்கடி அடிமட்டம்வரை இறக்கினால் தகட்டில் பூசிய ஈயக்கலவை உதிர்கிறது. சார்ஜ் இறங்கிய நிலையிலேயே நாள்கணக்கில் விட்டால் ஈய சல்ஃபேட் கெட்டியாகப் படிந்து, பிறகு கரைய மறுக்கிறது. நிற்கும்போதும் மனிதர்கள் உள்ளே வாழும் படகுகளிலும் கேம்பர் வேன்களிலும் இதற்கு விடை கண்டார்கள். கிளப்புவதற்கு ஒரு பேட்டரி, இருப்பவர்களுக்கு இன்னொன்று.

அதிலும் ஒரு சிக்கல். மூடி திறந்து தண்ணீர் ஊற்றும் பேட்டரி, சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் விடும். சாய்ந்தால் ஆசிட் சிந்தும். ஆள் படுத்திருக்கும் சீட்டுக்கடியில் அதை வைக்க முடியாது. 1957-இல் ஜெர்மனியின் சோனன்ஷைன் நிறுவனம் அமிலத்தைக் கூழாக்கி அடைத்தது. எழுபதுகளில் அமெரிக்காவில் அமிலத்தைக் கண்ணாடி நாரில் உறிஞ்சவைத்தார்கள். இரண்டிலும் உள்ளே உருவாகும் ஆக்ஸிஜன் எதிர்த்தகட்டை அடைந்து மறுபடி தண்ணீராகிறது. அழுத்தம் மிஞ்சினால் மட்டும் ஒரு சிறு வால்வு திறக்கும். இதைத்தான் கடையில் விஆர்எல்ஏ என்கிறார்கள். தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை, ஆசிட் சிந்தாது.

இந்தக் கதை திருப்பதிக்கு வருவது இங்கேதான். சித்தூர் மாவட்டம் பேட்டமிட்ட கிராமத்தில் பிறந்த கல்லா ராமச்சந்திர நாயுடு, அமெரிக்காவில் மின்பொறியாளராகப் பணியாற்றிவிட்டு ஊர் திரும்பினார். 1985-இல் அமர ராஜா பேட்டரிஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். தொழிற்சாலைக்கு அவர் தேர்ந்தெடுத்த இடம் ரேணிகுண்டா–கடப்பா சாலையில் உள்ள கரகம்பாடி. பெருநகரத்தைத் தேடிப் போகாமல், பிறந்த மண்ணில் உள்ள பிள்ளைகளுக்கு வேலை தரும் ஆலையை அங்கேயே எழுப்பினார் என்பது என்றும் மதிக்கத்தக்கது. இந்தியாவில் விஆர்எல்ஏ தயாரிப்பின் முன்னோடிகளில் ஒன்று அந்த ஆலை. கிராமங்கள்வரை டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகள் பரவிய காலம் அது. தண்ணீர் ஊற்றிப் பராமரிக்கத் தேவையில்லாத பேட்டரிக்கு அங்கே தேவை இருந்தது. ஏசி ரயில் பெட்டிகளுக்கும் அது போயிற்று. பிளாண்டேயின் பேட்டரி தொடக்கத்தில் செய்த வேலை, திருப்பதிப் பேட்டரிக்கும் வாய்த்தது.

அதன்பிறகுதான் அந்த நிறுவனம் வண்டி பேட்டரிக்குள் நுழைந்தது. அமெரிக்காவின் ஜான்சன் கண்ட்ரோல்ஸோடு 1997-இல் கூட்டுச் சேர்ந்து, 2000-இல் ‘அமரான்’ பேட்டரியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பின்னர் சித்தூர் அருகே எழுந்த ஆலையில், வீட்டு இன்வெர்ட்டருக்கான ட்யூபுலர் பேட்டரியும் உருவானது. 2008-க்குப் பிந்தைய மின்வெட்டுக் காலத்தில் தமிழ்நாட்டு வீடுகளுக்குப் பழக்கமான பேட்டரி வகை அது. ஈயக்கலவையைக் குழாய்களுக்குள் அடைத்திருப்பதால் உதிராது. நீண்ட நேர வேலையைத் தாங்கும். ஆனால் உயரமானது, தண்ணீர் கேட்பது. வேனுக்குள் வைக்க ஏற்றதல்ல. கிளப்புவது, நின்று உழைப்பது, வீட்டைக் காப்பது என மூன்று வேலைக்கும் உரிய பேட்டரிகள் ஒரே வட்டாரத்தில் உருவாகியிருக்கின்றன.

இனி, கிளப்பும் பேட்டரியையும் நின்று உழைக்கும் விஆர்எல்ஏ பேட்டரியையும் ஒரே வேனில் சேர்க்கும் விதம். பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் என்று நிரந்தரமாக இணைத்தால் இரண்டும் ஒன்றாகவே இறங்கும். இரண்டாவதை வைத்ததே வீண். நடுவே வோல்ட்டேஜைப் பார்த்து வேலை செய்யும் ரிலே வேண்டும். இன்ஜின் ஓடி வோல்ட்டேஜ் ஏறத்தாழ 13.3-ஐத் தொட்டதும் ரிலே சேர்க்கும்; இன்ஜின் நின்று 12.8 அளவுக்கு இறங்கியதும் பிரிக்கும். அதன்பின் எத்தனை படம் ஓடினாலும் செல்ஃபுக்கான சார்ஜ் அப்படியே இருக்கும்.

இரு பேட்டரிக்கும் நடுவே ஓடும் பிளஸ் வயருக்கு இரண்டு முனையிலும் ஃபியூஸ் கட்டாயம், அதுவும் பேட்டரிக்கு மிக அருகில். பலர் ஒரு பக்கம் மட்டும் போட்டு நிறுத்திவிடுகிறார்கள். வயர் எங்காவது தேய்ந்து பாடியில் பட்டால் இரண்டு பக்கத்திலிருந்தும் மின்சாரம் பாயும்; ஒரு ஃபியூஸ் ஒரு பக்கத்தைத்தான் தடுக்கும், மறுபக்கம் தீப்பிடிக்கும். வயரின் தடிமனை அதில் ஓடும் ஆம்ப்புக்கும் நீளத்துக்கும் ஏற்பப் பாருங்கள். எர்த் வயரும் அதே தடிமன் இருக்கட்டும். டிவி, ஆம்ப்ளிஃபயர் இரண்டின் எர்த்தையும் ஒரே இடத்தில் சேர்த்தால் ஸ்பீக்கரில் வரும் இரைச்சல் பெருமளவு அடங்கும்.

கணக்கும் எளிது. 50 வாட் டிவி, 70 வாட் ஆம்ப்ளிஃபயர், ஆக 120 வாட். 12 வோல்ட்டால் வகுத்தால் 10 ஆம்ப். நான்கு மணி நேரத்துக்கு 40 ஆம்ப்-மணி. ஈய பேட்டரியைப் பாதிக்குமேல் இறக்காமலிருந்தால் ஆயுள் கூடும். ஆகவே 100 ஆம்ப்-மணி பேட்டரி இதற்குப் போதும். 12 வோல்ட்டில் நேரடியாக ஓடும் டிவி வாங்கினால் இன்வெர்ட்டரில் வீணாகும் மின்சாரமும் மிச்சம். பிஎஸ்-6 வண்டிகள் பலவற்றில் ஆல்டர்னேட்டர் வோல்ட்டேஜ் ஏறி இறங்கும். அங்கே ரிலேயை நம்பாமல் டிசி-டிசி சார்ஜர் வையுங்கள். லித்தியம் பேட்டரிக்கும் அதுவே பாதுகாப்பு.

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. எந்த ஈய பேட்டரிக்குள்ளும் இருப்பது நஞ்சு. 2021-இல் கரகம்பாடி, சித்தூர் ஆலைகளை மூடும்படி ஆந்திர மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் உத்தரவிட்டது ஈயத்தைப் பற்றிய கேள்வியால்தான்; அந்த உத்தரவை உயர்நீதிமன்றம் நிறுத்திவைத்தது. 2022-இன் பேட்டரிக் கழிவு விதிகள், பழைய பேட்டரியைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பைத் தயாரிப்பாளருக்கு வைத்திருக்கின்றன. அந்த விதி உயிர்பெறுவது நம் கையில். புதியதை வாங்கும்போது பழையதைக் கடையிலேயே கொடுங்கள். தெருவில் உடைத்து ஈயம் உருக்குபவரிடம் கொடுக்காதீர்கள். வேனுக்கு டிவி வாங்க ஒதுக்கும் பணத்தில் இரண்டாவது பேட்டரிக்கும் ரிலேக்கும் இரண்டு ஃபியூஸுக்கும் முதலில் எடுத்துவையுங்கள். மிஞ்சுவதில் டிவி வாங்குங்கள்.