ஈஸ்டர் தீவின் தாய்மொழி

பசிபிக் பெருங்கடலில், சிலி நாட்டுக் கரைக்கு மேற்கே ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் தொலைவில் ஈஸ்டர் தீவு தனித்துக் கிடக்கிறது. 1722-ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவன்று டச்சு மாலுமி ரொக்கவேன் அதைக் கண்டதால் இப்பெயர் பெற்றது. தீவினர் தம் நிலத்தையும் மொழியையும் 'ராப்பா நூயி' என்றே அழைக்கின்றனர். ஆஸ்திரோனேசிய மொழிக் குடும்பத்தின் கிழக்கு எல்லை இதுவே. அங்குள்ள மாபெரும் கற்சிலைகளை அறிந்த நாம், அவற்றைச் செதுக்கியோரின் மொழி பட்ட பாட்டை அறிந்திலோம்.

1862-63-இல் பெரு நாட்டு அடிமை வணிகர் தீவினருள் ஏறத்தாழ 1,500 பேரைக் கவர்ந்து சென்றனர். உயிரோடு திரும்பிய மிகச் சிலரோடு பெரியம்மையும் வந்து சேர்ந்தது. மரபறிந்த முதியோர் மாண்டனர். 1877-இல் தீவில் எஞ்சியோர் 111 பேரே.

இத்துயரின் நடுவே, 1864-இல், இயேசு மரி திரு இருதயங்களின் சபையைச் சார்ந்த அருட்சகோதரர் யூஜின் எய்ரோ அங்கு வந்தார். வீடுகளில் எழுத்துகள் செதுக்கிய மரப்பலகைகள் இருந்ததை உலகிற்கு முதலில் அறிவித்தவர் அவரே. பின்னர்த் தாகித்தி ஆயர் ஜோசேன் அவற்றின் அருமையுணர்ந்து தேடச் செய்தார். கிடைத்தவை மிகச் சில. படித்துப் பொருள் கூற வல்லாரோ இலர். அவ்வெழுத்து இன்றுவரை புதிராகவே உள்ளது.

செபமும் மறைக்கல்வியும் தாகித்தி மொழியில் கற்பிக்கப்பட்டன. உறவு மொழியே எனினும், அது தீவின் சொற்களை மெல்ல ஒதுக்கியது. ராப்பா நூயியில் 'ரிமா' என்றால் கை, ஐந்தும் அதுவே. தாகித்தியின் 'பாஏ' வந்ததும் எண்ணுக்கும் கைக்கும் இருந்த பழைய உறவு தளர்ந்தது. 1888-இல் சிலி நாடு தீவைத் தன்னுடன் இணைத்துக்கொண்டதால், ஸ்பானிய மொழியும் உட்புகுந்தது.

1935-இல் வந்த கப்புச்சின் துறவி செபஸ்தியான் எங்லெர்ட் வேறொரு வழி கண்டார். மக்களிடம் அமர்ந்து கேட்டு, அவர்தம் இலக்கணத்தையும் சொற்களையும் கதைகளையும் தொகுத்து, 1948-இல் நூலாக்கினார். 1969-இல் இறக்கும்வரை அம்மக்களுக்காகவே உழைத்தார். இன்று அங்காரோவா ஆலயத் திருப்பலியில் ராப்பா நூயிப் பாடல்கள் ஒலிக்கின்றன. ஆனால் வீடுகளில் பிள்ளைகள் பெரும்பாலும் ஸ்பானியமே பேசுகின்றனர்.

முதலில் வந்தோரின் அன்பை நாம் ஐயுற வேண்டியதில்லை. நோயுற்ற மக்களோடு வாழ்ந்து, எய்ரோ 1868-இல் அத்தீவிலேயே உயிர் நீத்தார். ஆயினும், பெந்தகோஸ்து நாளில் தூய ஆவியார் மக்களுக்கு ஒரே மொழியைத் தரவில்லை. அவரவர் மொழியிலேயே கேட்கச் செய்தார். ஆலயம் பாடலைக் காக்கலாம். தாலாட்டைக் காக்க வேண்டியது இல்லமே. நம் இல்லங்களில் மாலைச் செபம் எம்மொழியில் ஒலிக்கிறது என்பதை நாமும் எண்ணிப் பார்ப்போம்.