வலை வழங்கி – தரவுத்தள வழங்கி இணைப்பும் ஸ்லாமர் புழுவும்

வலை வழங்கி என்பது கேட்பவருக்கு இணையப் பக்கங்களை அனுப்பும் கணினி. அப்பக்கங்களுக்கு வேண்டிய கணக்கு, பெயர், இருப்பு போன்றவற்றைக் காப்பது தரவுத்தள வழங்கி. 1993 இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் என்சிஎஸ்ஏ வலை வழங்கியுடன் வந்த சிஜிஐ முறை, ஒரு பக்கம் கேட்கப்பட்டதும் நிரலை இயக்கித் தரவுத்தளத்திலிருந்து விடை பெற வழி செய்தது. இரண்டும் ஒரே கணினியில் இருந்தால், வலை வழங்கியை உடைத்தவர் கையில் தரவும் சிக்கிவிடும். ஆகவே இரண்டையும் பிரித்து, நடுவே தீயரண் வைத்து, ஒரே ஒரு போர்ட்டை மட்டும் திறந்துவிடும் வழக்கம் பரவியது. மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வருக்கு அந்தப் போர்ட் வழக்கமாக டிசிபி 1433.

எஸ்கியூஎல் சர்வர் 2000 இந்த எளிய ஏற்பாட்டைச் சிக்கலாக்கியது. அதில் ஒரே கணினியில் பல நிறுவல்களை வெவ்வேறு போர்ட்டுகளில் இயக்க முடிந்தது. எது எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று சொல்ல, யுடிபி 1434 இல் ஒரு சேவை காத்திருந்தது. போர்ட் எண்ணை நிலையாக வைத்து இணைப்பு வரியில் எழுதிவிட்டால், வலை வழங்கிக்கு இச்சேவையே தேவையில்லை. ஆயினும் பல இடங்களில் 1434 வெளியுலகுக்கே திறந்து கிடந்தது. வேறு மென்பொருள்களோடு சேர்ந்து வந்த எம்எஸ்டிஇ என்ற சிறிய பதிப்பிலும் இதே சேவை இருந்ததால், தம் கணினியில் தரவுத்தள வழங்கி ஓடுவதையே பலர் அறிந்திருக்கவில்லை.

இச்சேவையிலிருந்த நினைவகப் பிழையைக் கண்டறிந்தவர் டேவிட் லிட்ச்ஃபீல்ட். 2002 சூலையில் திருத்தம் வெளியானது. ஆறு மாதம் கழித்து, 2003 சனவரி 25 அன்று ஸ்லாமர் புழு அதே பிழை வழியே நுழைந்தது. அதன் அளவு 376 பைட்டுகள்தான். ஒரே பொதியில் அடங்கிற்று. யுடிபியில் மறுமொழிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை என்பதால், தொடக்கத்தில் 8.5 நொடிக்கு ஒருமுறை இரட்டித்தது. பாதிப்புக்கு இடமுள்ள கணினிகளில் 90 விழுக்காட்டுக்கும் மேல் பத்து நிமிடத்துக்குள் விழுந்தன. குறைந்தது 75,000 கணினிகள் தொற்றுக்கு உள்ளாயின. புழு தரவு எதையும் அழிக்கவில்லை. அது கிளப்பிய நெரிசலே போதுமானதாயிற்று. தென் கொரியாவில் இணையம் முடங்கியது. அமெரிக்காவில் பாங்க் ஆஃப் அமெரிக்காவின் பணம் வழங்கும் இயந்திரங்கள் பல செயலிழந்தன.

ஒகையோவின் டேவிஸ்-பெஸ்ஸி அணுமின் நிலையத்தில் நடந்தது தனியே சொல்லத்தக்கது. அங்குத் தீயரண் 1434 ஐ முறையாகவே தடுத்திருந்தது. ஆனால் ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் வலையமைப்பிலிருந்து வந்த தனி இணைப்பு, தீயரணைச் சுற்றி அலுவலக வலையமைப்பைத் தொட்டது. புழு அவ்வழியே நுழைந்து, நிலையத்தின் வலையமைப்பில் திருத்தம் இடப்படாத ஒரு கணினியை அடைந்தது. பாதுகாப்பு அளவீடுகளைக் காட்டும் அமைப்பு ஏறத்தாழ ஐந்து மணி நேரம் செயலற்றிருந்தது. அணுஉலை ஏற்கெனவே நிறுத்தப்பட்டிருந்தது நல்வாய்ப்பு.

எஸ்கியூஎல் சர்வர் 2005 இல், போர்ட்டைக் காட்டித்தரும் இந்த வேலை எஸ்கியூஎல் சர்வர் பிரவுசர் என்ற தனிச் சேவைக்கு மாற்றப்பட்டது. வேண்டாத இடத்தில் அதை நிறுத்திவிட்டு, போர்ட் எண்ணைக் கையாலேயே எழுதிக்கொள்ளலாம்.