பாக் நீரிணையும் போர்நிறுத்தங்களும்

ராமேசுவரம் தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. தீவின் கிழக்கு முனையான அரிச்சல்முனைக்கு எதிரே, ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் தலைமன்னார். இலங்கை அரசுக்கும் தமிழீழ விடுதலைப் புலிகளுக்கும் நடந்த போரில் இந்தக் கடல் ஆயுதப் பாதையாகவும், டீசல் பாதையாகவும், அகதிப் பாதையாகவும் இருந்தது. போரை நிறுத்தப் பல முறை முயன்றார்கள்; 1985, 1987, 1995, 2002 ஆகிய நான்கை இங்கே பார்க்கலாம். 1985 ஜூன் மாதச் சண்டைநிறுத்தம் பூட்டானின் திம்புவில் நடந்த பேச்சோடு கலைந்துபோனது. அதைக் கடல் கணக்கில் சேர்க்க முடியாது. மற்ற மூன்றிலும் பெருவிரிசல் கண்டது கடலில்தான். நிலத்தில் யார் எங்கே நிற்கலாம் என்று பேசியவர்கள், நீரில் யார் மிதக்கலாம் என்பதைப் பேசாமல் விட்டதே அதற்குக் காரணம்.

1987 ஜூலை 29 அன்று இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. அக்டோபர் 3 அன்று குமரப்பா, புலேந்திரன் உள்ளிட்ட 17 புலிகள் சென்ற படகை இலங்கைக் கடற்படை பிடித்தது. பொதுமன்னிப்பு பெற்றவர்கள் என்று புலிகளும், ஆயுதக் கடத்தல் என்று கொழும்பும் வாதாடிக்கொண்டிருந்தபோதே, அக்டோபர் 5 அன்று பலாலிப் படைத்தளத்தில் 12 பேர் சயனைடு தின்று இறந்தனர். ஒரு வாரத்துக்குள்ளேயே இந்திய அமைதிப்படையும் புலிகளும் மோதினர். 1995 ஜனவரி 8 அன்று சந்திரிகா அரசுடன் தொடங்கிய சண்டைநிறுத்தம், ஏப்ரல் 19 அன்று திருகோணமலைத் துறைமுகத்தில் சூரயா, ரணசுரு என்ற இரண்டு பீரங்கிப் படகுகளைப் புலிகளின் கடற்படைப் பிரிவான கடற்புலிகள் தகர்த்ததோடு முடிந்தது.

நார்வே நடுநின்று 2002 பிப்ரவரியில் உருவாக்கிய உடன்பாடு இவற்றைவிடக் கவனமாக எழுதப்பட்டது. முன்னரங்குகள் நிறுவப்பட்ட இடங்களில் இரு படைகளுக்கும் நடுவே குறைந்தது 600 மீட்டர் இடைவெளி என்றது. மீன்பிடித் தடைகளைப் படிப்படியாகத் தளர்த்தி 90 நாளில் நீக்க வேண்டும் என்றது. கடலோரப் படைமுகாம்களைச் சுற்றிக் கரையோரம் இருபுறமும் ஒரு கடல்மைல், கடல்பக்கம் இரண்டு கடல்மைல் விலக்கு. மீனவரின் வலைக்கு இப்படி மைல் கணக்குப் போட்டவர்கள், கடற்புலிகளின் படகு எங்கே போகலாம் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. புலிகளின் கடற்படைப் பிரிவை ஏற்றுக்கொண்டு எழுதினால் கொழும்பு எழுந்துபோகும். மறுத்து எழுதினால் புலிகளின் தலைமையிடமான கிளிநொச்சி எழுந்துபோகும். ஆகவே அந்த இடம் வெற்றிடமானது.

வெற்றிடத்தின் விலை ஓராண்டிலேயே தெரிந்தது. 2003 பிப்ரவரி 7 அன்று நெடுந்தீவுக்கு அருகே, உடன்பாட்டின் கண்காணிப்புக் குழுவினர் சோதனையிட்ட படகிலிருந்த மூன்று புலிகள் படகை வெடிக்கவைத்து இறந்தனர். அந்த இடம் கச்சத்தீவுப் பக்கம். ராமேசுவரம் விசைப்படகுகள் போய்வரும் கடல். மார்ச் மாதம் முல்லைத்தீவுக்கு அப்பால் புலிகளின் கப்பலொன்று மூழ்கடிக்கப்பட்டது. 2006 மே 11 அன்று, 710 படையினரை ஏற்றிவந்த பேர்ல் குரூசர் கப்பலின் பாதுகாப்பு அணியைக் கடற்புலிகள் தாக்கினர். அதன் பிறகுதான் கண்காணிப்புக் குழு, அரசல்லாத தரப்புக்குக் கடலில் உரிமை இல்லை என்று தெளிவாக அறிவித்தது. நான்காண்டு தாமதமான தீர்ப்பு.

விரிசல் கடலில்தான் என்பதை மறுப்பவர்கள் இரண்டு நிகழ்ச்சிகளைக் காட்டலாம். 2003 ஏப்ரலில் புலிகள் பேச்சிலிருந்து விலகக் காரணம் வாஷிங்டன் நிதியுதவிக் கூட்டத்துக்கு அழைக்கப்படாதது. 2006 ஜூலையில் முழுப்போர் மூண்டது மாவிலாறு மதகை மூடியதால். இரண்டும் உண்மை, இரண்டும் கடலுக்குத் தொடர்பில்லாதவை. ஆனால் அரசியல் பிணக்கு பேச்சை நிறுத்துகிறது, துப்பாக்கியை எடுக்கவைப்பதில்லை. 2003-க்குப் பிறகும் நிலத்தில் உடன்பாடு மூன்றாண்டு ஓரளவு நின்றது. அதே ஆண்டுகளில் ஒவ்வொரு படகுச் சோதனையும் போராக மாறும் தறுவாயில் இருந்தது. மாவிலாற்றில் தீக்குச்சி உரசப்பட்டபோது விறகு ஏற்கெனவே காய்ந்திருந்தது.

இன்னொரு மறுப்பு வலுவானது. இங்கே கடல் எல்லை இல்லாமலா போயிற்று? 1974 உடன்படிக்கை பாக் நீரிணையிலும், 1976 உடன்படிக்கை மன்னார் வளைகுடாவிலும் வங்கக் கடலிலும் கோடு போட்டுவிட்டனவே? போட்டன. ஆனால் அது டெல்லிக்கும் கொழும்புக்கும் நடுவிலான கோடு. கொழும்புக்கும் புலிகளுக்கும் நடுவில் கோடு கிடையாது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1974 உடன்படிக்கையின் 7ஆம் பிரிவு, எல்லைக்கோட்டுக்குக் குறுக்கே எண்ணெய் அல்லது எரிவாயு வயல் அகப்பட்டால் எப்படி எடுப்பது, வருமானத்தை எப்படிப் பங்கிடுவது என்று இரு நாடுகளும் பேசி முடிவு செய்ய வேண்டும் என்கிறது. கண்ணில் படாத எண்ணெய்க்கு இவ்வளவு முன்யோசனை! நார்வேக்கு இது புதிதல்ல; வடகடலில் ஃப்ரிக் எரிவாயு வயலைப் பிரிட்டனோடு பகிர்ந்துகொள்ள 1976-ல் உடன்படிக்கை செய்த நாடு அது.

எண்ணெய்தான் போருக்குக் காரணம் என்று சொல்வோரும் இருக்கிறார்கள். இந்தோனேசியாவின் ஆச்சேயில் அது பொருந்தும்; அருண் வயலின் எரிவாயு யாருக்கு என்பது அங்கே கிளர்ச்சியின் நடுக்கேள்விகளில் ஒன்று. 2005 ஆகஸ்ட் 15 ஹெல்சிங்கி உடன்பாடு எண்ணெய், எரிவாயு வருமானத்தில் 70 விழுக்காட்டை ஆச்சேவுக்கு என எழுதி அதற்கு விடையும் சொன்னது. மன்னாரில் அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. 1970களில் சோவியத் உதவியோடு பேசாலையில் துளையிட்டும் பயன் கிடைக்கவில்லை. கெய்ர்ன் நிறுவனம் மன்னார்ப் படுகையில் தேட 2008-ல் ஒப்பந்தம் செய்தது; 2011-ல், போர் முடிந்து இரண்டாண்டுக்குப் பிறகு, எரிவாயு கண்டது; 2015-ல் விலகியது. இக்கரையில் ராமநாதபுரத்தின் நிலத்தடி எரிவாயு வழுதூரில் 187 மெகாவாட் மின்நிலையத்தை ஓட்டுகிறது. அதற்காக யாரும் துப்பாக்கி ஏந்தவில்லை. போரைச் செலுத்திய எண்ணெய் கடலடியில் இருந்ததல்ல. பொருளாதாரத் தடையால் வடக்கில் மண்ணெண்ணெயும் டீசலும் அரிதான காலத்தில், இக்கரையிலிருந்து கேன் கேனாகப் படகேறியதுதான் அது.

அந்தக் கேன்களைத் தடுக்கவும் சேர்த்தே இக்கரை காவல்கரையானது. 1990-ல் இந்தியக் கடற்படை 'ஆபரேஷன் தாஷா' என்ற பெயரில் ரோந்தைத் தொடங்கியது. 1992-ல் புலிகள் இயக்கம் இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. 2009 மார்ச்சில் உச்சிப்புளி விமானதளம் ஐ.என்.எஸ். பருந்து ஆனது. வாரத்தில் மூன்று நாள் டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போகும் விசைப்படகுக்காரருக்கு இதன் பொருள், இருபக்கமும் சீருடை. 2008 அக்டோபரில் இரு அரசுகளும் இந்திய மீன்பிடிப் படகுகளைச் சுடுவதில்லை என்று ஒத்துக்கொண்டபோதும், இலங்கை குறித்துக்கொடுக்கும் பாதுகாப்புப் பகுதிகளில் நுழையக் கூடாது என்ற நிபந்தனை உடன் வந்தது.

புலிகள் இல்லாத இன்றும் தமிழக மீனவர் கைது தொடர்கிறதே என்றால், அதில் பெரும்பகுதி இழுவலைப் பிரச்சினை. போர்நிறுத்தக் காலத்தில் கடலுக்குத் திரும்பிய யாழ்ப்பாண மீனவர், தமிழக விசைப்படகுகளின் இழுவலையால் தம் வலை அறுந்துகிடப்பதைக் கண்ட கோபத்திலிருந்து வளர்ந்தது அது. 2004 மே மாதம் தமிழக மீனவர் குழு அங்கே போய்ப் பேசியதும் இதற்காகவே. மீதி, போர்க்காலத்தில் பழகிய கைகளின் வேலை.

2008 ஜனவரியில் இலங்கை அரசு 2002 உடன்பாட்டிலிருந்து முறைப்படி விலகியது. ஆனால் 2006 தொடக்கத்திலேயே அகதிகள் மறுபடியும் வரத் தொடங்கிவிட்டனர். படகோட்டிகள் இரவில் அரிச்சல்முனை அருகே மணல்திட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். விடிந்தபின் கடற்படையோ மீனவரோ கண்டு கரைசேர்ப்பார்கள். விசாரணை முடிந்து மண்டபம் முகாம். 2022 மார்ச்சில் பொருளாதார நெருக்கடிக்குத் தப்பி வந்தவர்களையும் அதே அரிச்சல்முனைத் திட்டிலிருந்து மீட்டு, அதே முகாமுக்குத்தான் கொண்டுபோனார்கள்.